ரெம்பியா வீட்டுப் பூனைகள்

ரெம்பியாவில் இருந்த எங்கள் வீட்டை விற்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பூனைகள்தான் காரணம் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பழியில் ஒரு பங்கு எனக்கும் வந்தது. வீடு பார்க்க ஆள் வரும்போது பூனைகளைப் பிடித்து அடைத்து வைப்பது என் வேலை. எனக்கு அப்போது எட்டு வயது. மலாயாவில் வெள்ளைக்காரர்களின் அவசரகாலச் சட்டம் நடந்துகொண்டிருந்தது.

அது பலகை வீடு. சிறிய தூண்களின் மேல் நின்றது. பின்பக்கம் மட்டும் மண் தரை போட்ட சமையலறை. அப்பா அரசாங்க ரோட்டு வேலையில் மண்டோர், அதாவது மேஸ்திரி. அவருக்குக் கீழே வேலை செய்தவர்களையே துணைக்கு வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு பலகையாக அடித்து எழுப்பிய வீடு.

பூனைகளைக் கொண்டுவந்தது அண்ணன். உம்பாயில் மீன் வாங்கப் போனவன் மீனுக்குப் பதிலாகக் கூடையில் இரண்டு குட்டிகளோடு வந்தான். ஒன்று கறுப்பி, மற்றது சாம்பல். இரண்டுக்கும் வால் நுனி முடிச்சுப் போட்டதுபோல வளைந்திருக்கும். அண்ணன் படுத்தால் இரண்டும் அவன் வயிற்றில் ஏறிப் படுத்துக்கொள்ளும். அவன் மூச்சு விட விட அவை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

அண்ணன் எஸ்டேட்டில் ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோரில் வேலை செய்தான். தொழிலாளர் சங்கக் கூட்டங்களுக்கும் போய்வந்தான். ஒருநாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்று எனக்குச் சொன்னார்கள். அவனுடைய தகரப்பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. பெட்டி இல்லாமல் எப்படிப் போனான் என்று கேட்டேன். சிங்கப்பூரில் இதைவிட நல்ல பெட்டி கிடைக்கும் என்றார் அப்பா. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

பிறகு பட்டாளத்தார் வந்தார்கள். எங்கள் ஊரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் யாராக இருந்தாலும் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். அந்தப் பலகைத் தரையின் மேல் முதன்முதலாக ஏறிய காலணிகள் அந்தப் பூட்ஸுகள்தான். வீடு முழுக்கப் பெட்டிக்குள் கல்லைப் போட்டு உருட்டியதுபோலச் சத்தம். பூனைகள் சமையலறைக்கு ஓடி அடுப்பு மேடைக்கு அடியில் விறகுக்குள் புகுந்தன. ஒருவன் அந்த விறகுக் குவியலைத் துப்பாக்கி முனையால் குத்திப் பார்த்தான். போகும்போது சுவரிலிருந்த அண்ணனின் ஸ்டூடியோ படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். படம் இருந்த இடத்தில் பலகை மட்டும் புதிதாக, நாற்சதுரமாக வெளுத்துத் தெரிந்தது.

அன்றிலிருந்து பூனைகள் வாசலைத் தாண்டவில்லை. காலடிச் சத்தம் கேட்டால் அடுப்புக்கு அடியில் போய்விடும். அப்பா வந்தாலும் ஓடின. ரோட்டு வேலைக்கு அவரும் பூட்ஸ் போடுகிறவர். கழற்றிவிட்டு வந்தாலும் அவை நம்பவில்லை. என்னையும் அம்மாவையும் மட்டுமே பொறுத்துக்கொண்டன.

சில வாரம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“வீட்டை வித்துட்டு டவுன் பக்கம் போயிரலாம். புக்கிட் காத்தில்ல இடம் இருக்குன்னு சொன்னாங்க.”

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கேட்டாள்.

“பூனைங்கள என்னா செய்யறது?”

“வீடே போவுது, இவ பூனையப் பத்திப் பேசுறா. அரசாங்க வேல போனா சோத்துக்கு என்னா செய்வே? பக்கத்து வீட்டுக்காரனே மொகத்தப் பாக்க மாட்டேங்குறான் லா.”

“நான் எங்கியும் வரல” என்றாள் அம்மா. அதைச் சண்டைபோடும் குரலில் சொல்லவில்லை. உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பூனைகளைப் பற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது காப்பிக்கடை வைத்திருந்த ஒரு சீன அம்மாள். அப்பா தரையைத் தேங்காய் மட்டையால் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார். நான் பூனைகளைச் சாமான் அறையில் போட்டு நாதாங்கியை மாட்டினேன். அம்மா காப்பி போட உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கறுப்பி கூடத்துக்குள் பாய்ந்து, புது ஆளைப் பார்த்து மிரண்டு, ஜன்னல் துணியைப் பற்றி ஏறியது. துணியும் கறுப்பியும் சேர்ந்து அந்த அம்மாளின் கொண்டையின் மேல் விழுந்தன. அவர் காப்பி குடிக்கவில்லை.

அடுத்து அலோர் காஜாவில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு மாமா. குடையால் ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். தட்டலில் வெறிபிடித்ததுபோல ஓடிவந்த சாம்பல், அவர் நாற்காலியில் மடித்து வைத்திருந்த துண்டின் மேலேயே மூத்திரம் போய்விட்டது.

“என்னா மண்டோர், வீட்டோட சேத்து இதையும் விக்கிறீங்களா?”

அப்பா சிரித்தார்; சிரிப்பு சரியாக வரவில்லை. கதவருகே நின்ற அம்மா மெதுவாகச் சொன்னாள்.

“அதுங்க வீட்ட வுட்டு வராதுங்கண்ணே. வாங்குறவங்களோடதான் இருக்கும். சாயங்காலமானா ரெண்டும் அழுவும்.”

மாமா குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஒவ்வொரு முறையும் நான் நாதாங்கியை மாட்டினேன். ஒவ்வொரு முறையும் அது திறந்திருந்தது. மாட்டினேன் என்று சத்தியம் செய்தேன். “பொய் சொல்லாத பாப்பா” என்றார் அப்பா. ஒரு முறை காதைத் திருகினார். ஆனால் அவர் வெளியே போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டு, ரேஷன் சீனியில் இன்னொரு கரண்டி போட்டுக் காப்பி கொடுப்பாள். ஒரே காரியத்துக்கு ஒருவர் காதைத் திருகுவதும் இன்னொருவர் சீனி போடுவதும் ஏன் என்று யோசித்துக்கொண்டே குடிப்பேன். சாமான் அறைக்குப் பக்கத்தில்தான் காப்பி போடும் இடம் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இடையில் ஒருநாள் காலை எழுந்து சமையலறைக்குப் போனேன். வழக்கமாக வெயில் ஏறும்வரை விறகுக்குள்ளேயே கிடக்கும் பூனைகள், தரை நடுவில் கால்களை நீட்டி வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தன. அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. ஈர விறகு, புகை என்றாள். அடுப்பில் இன்னும் நெருப்பு மூட்டவில்லை.

கடைசியாக வந்தவர் மலாய்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஆசிரியர்களை ஊரில் அழைப்பதுபோல அவரையும் எல்லாரும் சிக்கு என்றார்கள். மெலிந்த மனிதர். செருப்பைப் படியில் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு வந்தார். வழக்கப்படி அம்மா உள்ளே போனாள். வழக்கப்படி பூனைகள் வெளியே வந்தன. இரண்டும் அவர் கால்களுக்கு நடுவே ஓடி அடுப்புக்கு அடியில் மறைந்தன. அப்பா என்னைத் தேடிக் கண்களால் முறைத்தார்.

சிக்கு துள்ளவில்லை. சமையலறையைப் பார்க்கலாமா என்று கேட்டு உள்ளே வந்தார். அடுப்புக்குச் சற்றுத் தள்ளி, அதற்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்தார். பூனையைக் கூப்பிடவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை. அப்படியே இருந்தபடி கூரையின் தகரத்தைப் பற்றி அப்பாவிடம் விசாரித்தார். அப்பா பூனைக்காக மன்னிப்புக் கேட்டார். “தாக் ஆப்பா” என்றார் சிக்கு, பரவாயில்லை என்று. பயந்தால் பயந்துகொள்ளட்டும், அவற்றுக்கு என்ன நடந்ததோ நமக்குத் தெரியாது அல்லவா என்றார்.

காப்பியோடு வந்த அம்மா கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

கூடத்துக்குத் திரும்பியபோது சிக்குவின் கண் சுவரில் வெளுத்திருந்த சதுரத்தில் நின்றது. வீடு பார்க்க வந்த எல்லாரும் அங்கே என்ன இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். காலண்டர் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இவர் கேட்கவில்லை. ஆறிப்போன காப்பியை வாங்கி முழுவதும் குடித்தார்.

அடுத்த வாரம் கட்டிலுக்கு இடம் அளக்க அவர் மறுபடியும் வந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா அவரிடம் பசார் மலாயில், கடைத்தெருவில் பழகிய மலாயில், கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். வீட்டில் யார் யார் இருப்பார்கள்? பின்கதவைப் பூட்டி வைப்பார்களா? நாய் வளர்ப்பார்களா? மலாய்க்காரரிடம் நாய் வளர்ப்பீர்களா என்று கேட்கிறாளே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். இந்தக் குச்சிங் இரண்டும், இந்தப் பூனைகள், எல்லாரையும் கண்டால் ஓடும். அவற்றை இங்கேயே விட்டுப் போகிறேன். யாராவது பின்பக்கமாக வந்தால் ஆளைப் பார்க்க வேண்டாம், குச்சிங்கைப் பாருங்கள். அவை ஓடாவிட்டால் அந்த ஆளுக்கு ஒரு தட்டு சோறு கொடுங்கள். நாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

ஒரு பிடி அரிசி வேலியைத் தாண்டினாலே, காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கா என்று கேள்வி வருகிற காலம் அது. சிக்கு அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றி முடித்து, அவிழ்த்து, மறுபடியும் சுற்றினார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

பூனைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர்.

அன்று மாலை அப்பா வந்ததும், “வித்துருங்க” என்றாள் அம்மா. நான் அழுது புரண்டேன். என்னைக் கேட்காமல் பூனைகளைக் கொடுத்துவிட்டாள் என்பதும், அந்நியர் யாரோ வந்தால் அவர்களுக்குச் சோறு போடச் சொன்னாள் என்பதும்தான் எனக்குத் தெரிந்தவை. இரண்டையும் எந்தப் பக்கமாகச் சேர்த்தாலும் பொருந்தவில்லை.

சாமான்களை லோரியில் ஏற்றிய நாளில் அம்மா தகரப்பெட்டியைத் திறந்து அண்ணனின் கைலி ஒன்றை எடுத்தாள். எதையும் இரண்டு தண்ணீரில் அலசுகிறவள், அதைத் துவைத்திருக்கவில்லை. காலரில் வியர்வை படிந்திருந்த அவன் பழைய சட்டையையும் அதோடு சேர்த்து மடித்து அடுப்புக்கு அடியில் வைத்தாள். கறுப்பி மோந்து பார்த்துவிட்டு அதன்மேல் சுருண்டது.

“அழுக்காயிருக்கும்மா” என்றேன்.

“அதுங்களுக்கு அதான் புடிக்கும். நீ போய் லோரில ஏறு.”

புக்கிட் காத்திலில் எங்களுக்குக் கிடைத்தது ஓர் அறையும் சமையலறையும். சுவரில் வெளுத்த சதுரம் எதுவும் இல்லை. நான் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். பூனைகளைப் பற்றிக் கேட்டால், நல்லா இருக்கும் என்பாள் அம்மா. கேட்பதை நிறுத்திய பிறகுதான் சிக்கு வந்தார்.

மத்தியான வெயில். பஸ்ஸிலிருந்து இறங்கி, எங்கள் பழைய வீட்டு மரத்து ரம்புத்தான் பழங்களோடு கிணற்றடிக்கே வந்துவிட்டார். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவர் உட்காரவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, குச்சிங் இரண்டும் ஓடவில்லை என்று மட்டும் மலாயில் சொன்னார்.

அம்மா ஈரக் கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்தாள்.

“மாக்கான்?” என்று கேட்டாள். சாப்பாடு ஆனதா என்று.

“மாக்கான்” என்றார் சிக்கு, தலையை ஆட்டி. இரண்டாம் முறையும் போட்டதாகக் கையால் காட்டினார்.

“கூருஸ்?”

கொஞ்சம் மெலிவுதான் என்று விரலால் காட்டினார். அம்மா கையிலிருந்த ஈரத்துணியாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது, அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என் தலையைத் தொட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அப்பா வந்ததும் அம்மா அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு என்னவோ சொன்னாள். வெளியே வந்தவர் படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க முயன்றுகொண்டே இருந்தார். அது அவிழவில்லை. அம்மா அந்த வாரத்துச் சீனி முழுவதையும் போட்டுப் பாயசம் வைத்தாள்.

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. எங்கள் பூனைகளுக்குப் பயம் போய்விட்டது. அந்த வாத்தியார் சோறு போட்டுப் போட்டே குணப்படுத்திவிட்டார். ஊரிலேயே இப்படி நல்ல செய்தி வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. மறுநாள் வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடிப்போய், “அக்கா, எங்க ரெம்பியா வீட்டுக்கு...” என்று தொடங்கினேன்.

அதற்குள் அம்மா பின்னாலிருந்து ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். அந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். அவள் விரல்கள் மட்டும் என் கன்னத்தில் பதிய அழுத்திக்கொண்டே இருந்தன. பூனைகளுக்குப் பயம் போனதற்கு அம்மா எதற்காகப் பயப்படுகிறாள் என்று, அந்தக் கைக்குள்ளேயே மூச்சு விட்டபடி யோசித்துக்கொண்டு நின்றேன்.