படத்தில் ஆள் கூடாது

பழைய கட்டடங்களைப் படம் எடுத்துச் சர்க்கார் ஆவணத்தில் சேர்ப்பது சுகமான வேலை. கட்டடம் கண் சிமிட்டாது, "நான் இவ்வளவு கறுப்பா?" என்று சண்டைக்கு வராது. தொல்லையெல்லாம் அதன் பக்கத்தில் நிற்கிறவர்களால்தான்.

ஐம்பதுகளில் சென்னையில் ஓர் ஆவண அலுவலகத்தில் நான் தற்காலிகப் போட்டோகிராபர். திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மண்டபம், மதகு, பழைய வீடு எதையும் விடாமல் படமாக்க வேண்டும். அதிகாரி இரண்டே விதிகள் சொல்லியிருந்தார். ஒன்று, படத்தில் ஆள் கூடாது. இரண்டு, கட்டடத்தின் உயரம் தெரிவதற்காக, அடிக்கு அடி கறுப்பும் வெள்ளையும் பூசிய அளவுகோல் ஒன்று பக்கத்தில் நிற்க வேண்டும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிப் போங்க" என்று ஒரு ஊரையே கெஞ்சியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என் பாடு புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு மரியாதை

பொன்னேரிக்கு மேற்கே ஒரு கிராமத்தில், சுவரெல்லாம் கல்வெட்டு நிறைந்த பழைய மண்டபம் இருப்பதாகத் தகவல். வருகிறேன் என்று கிராம முன்சீப்புக்கு முன்கூட்டியே ஒரு கார்டு போட்டேன். அங்கேதான் புத்தி கெட்டுப் போனது. கார்டு போடாமல் போயிருந்தால் கல்வெட்டு பிழைத்திருக்கும்.

போய் இறங்கினால் மண்டபம் புது வீடு மாதிரி பளபளக்கிறது. உச்சி முதல் அடி வரை சுண்ணாம்பு, அதன்மேல் பட்டை பட்டையாகக் காவி. எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரே மூன்று நாளாக வேலையை விட்டுவிட்டு வெள்ளையடித்ததாம். "பழசாத்தானே வேணும்னு எழுதியிருந்தேன்?" என்று கேட்டேன். முன்சீப் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னா சார் நீங்க? பொண்ணு பாக்க வராங்கன்னா, தலை வாராமலா கூட்டியாந்து நிறுத்துவாங்க?"

பழவேற்காட்டில் இரண்டு கால்கள்

பழவேற்காட்டில் மரக்கலம் வைத்து வியாபாரம் செய்த குடும்பத்தின் வீடு. வாசற்கதவில் அப்படியொரு மரவேலை. வீட்டுக்காரரான பாய் தங்கமான மனிதர். "நீ எடு தம்பி, நான் உள்ளே குந்திக்கினு இருக்கேன்" என்றார். கதவு நிழலில் இருந்ததால் லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு, மனசுக்குள் எண்ணிக்கொண்டே வெகுநேரம் காத்திருக்க வேண்டும். நடுவில் வாயைத் திறந்தால் கணக்குத் தப்பிவிடும்.

பாதி எண்ணும்போது பாய் கதவைத் தாண்டி வந்து நின்றார். நாஷ்டா ஆறிப்போகிறதாம். வட்டிலப்பம் இருக்கிறது, இறால் இருக்கிறது என்று தலையையும் கையையும் ஆட்டி ஆட்டிச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் ஊமை மாதிரி எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு சாப்பிட்டதும் உண்மை. அந்த இறாலைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

படத்தைக் கழுவிப் பார்த்தபோது கதவு நன்றாகவே விழுந்திருந்தது. கதவின் முன்னால், ஆடாமல் நின்ற இரண்டு கால்கள் மட்டும் செருப்போடு பளிச்சென்று நின்றன. மேலே வெறும் புகை. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மிஸ்டர், இந்தக் காலுக்கு மேலே இருக்க வேண்டிய ஆள் எங்கே?"

தரகரின் தாராளம்

இன்னும் ஒரு படத்தில் மனுஷ வாடை அடித்தால் அடுத்த மாதம் வர வேண்டாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அது எனக்கு வயிற்றில் அடித்த மாதிரி இருந்தது. திருவள்ளூரில் ஒரு கோர்ட்டு குமாஸ்தாவின் பெண்ணை எனக்குப் பேசியிருந்தார்கள். பெண்ணை நான் பார்த்தாயிற்று. அவளைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்வதில்லை என்று முடிவும் செய்தாயிற்று. தரகர் என் சம்பளத்தையும் உயரத்தையும் கொஞ்சம் தாராளமாகச் சொல்லி வைத்திருந்தார். குமாஸ்தா அதையெல்லாம் கிளறவில்லை, ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"உத்தியோகம் பர்மனென்ட் ஆவட்டும் தம்பி, அப்பால தாம்பூலம் மாத்திக்கலாம்."

ஆரம்பாக்கத்து மதகு

ஆரம்பாக்கத்துப் பக்கம் ஓர் ஏரியின் பழைய கல்மதகை மறுநாள் இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து என்னை அவசரமாக அனுப்பினார்கள். கேமரா, முக்காலி, பிளேட்டுப் பெட்டி எல்லாவற்றையும் பத்திரமாக இறக்கினேன். ரயில் கிளம்பிய பிறகுதான் அளவுகோல் மேல்பலகையிலேயே கூடூருக்குப் போய்க்கொண்டிருப்பது உறைத்தது.

மதகு எதிரே உட்கார்ந்து, திருவள்ளூர்ப் பெண்ணை நினைத்து நொந்துகொண்டிருந்தேன். மடை கட்டிக்கொண்டிருந்த சின்னப்பன் என்ற கூலியாள் மண்வெட்டியோடு வந்து விசாரித்தான். அளவு தெரிந்த பொருள் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன்.

"நான் இருக்கேனே சார். போலீஸுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு போனேன். செவுத்துல சாய்ச்சி அளந்தாங்க. அஞ்சடி நாலரை அங்குலம். அரை அங்குலம் பத்தலன்னு தொரத்திட்டாங்க."

வேறு வழியில்லை. கல்தூண் பக்கத்தில் நிறுத்தினேன். மனிதன் அட்டென்ஷனில் நின்றான் பாருங்கள், இமைகூட ஆடவில்லை. மூடியைப் போட்ட பிறகுதான் மூச்சு விட்டான்.

"அன்னிக்கி ஆவாதுன்னாங்க. இன்னிக்கி கவர்மெண்ட்டு அளவுக்கே நான்தான் வேண்டியிருக்குது, இல்ல சார்?"

மறக்க முடியாத அளவுகோல்

அதிகாரி படத்தை மேஜையில் வைத்து, "யார் இது?" என்றார். "ஆள் இல்லை சார், அளவுகோல்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். மதகு இடிந்து தரைமட்டமாகியிருந்தது. திரும்ப எடுக்க வழியில்லை. படமோ தூணின் உளிக்கோடு தெரிய அத்தனை சுத்தமாக இருந்தது. அவர் பேனாவை எடுத்தார். பிறகு படத்தின் அடியில் தன் கையாலேயே 'அளவுகோல்: 5 அடி 4½ அங்குலம்' என்று எழுதினார். அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது.

"அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இதையே வைத்துக்கொள்ளும். இதை ரயிலில் மறந்து வைக்க முடியாது."

கலியாணப் படம்

வேலை பர்மனென்ட் ஆயிற்று, கலியாணமும் ஆயிற்று. சின்னப்பன் வெள்ளை வேட்டியில் வந்தான். நான்தான் சந்தோஷத்தில் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னேன். அவன் பழக்க தோஷத்தில் அட்டென்ஷனில் நின்றான். அவன் யார், அவன் அளவு என்ன என்பதை மாமனாருக்குப் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

படம் வந்ததும் மாமனார் அதைக் கோர்ட்டுக் காகிதக் கட்டைப் பார்ப்பது போல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ளே, தரகர் உங்கள அஞ்சடி எட்டுன்னு இல்ல சொன்னாரு? அளவுகோலும் நீங்களும் ஒரே மட்டத்துல நிக்கறீங்களே."

படத்தில் ஆள் கூடாது என்ற விதியை அதிகாரி எதற்காக வைத்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.