தனசேகரனுக்கு அம்மை போட்ட வாரம்

செவிலிமேட்டில் தனசேகரனைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள். முசரவாக்கத்தில் கூலிக் குடும்பத்தில் பிறந்து, பட்டுக் கடையில் சேர்ந்து, புடவை மூட்டையோடு விஜயவாடா, பெங்களூர் என்று பஸ் ஏறி இறங்கி, சொந்தமாக ஓட்டு வீடு கட்டியவன். பீடி கிடையாது, சாராயம் கிடையாது. அந்த நல்ல பெயரைக் காப்பாற்றத்தான் மனிதன் உயிரையே விடப் பார்த்தான்.

விஜயவாடா லாட்ஜில் எப்போதோ செய்த தப்பு, 2005 ஐப்பசியில் விடாத இருமலாக வெளியே வந்தது. எச்.ஐ.வி. என்றார்கள். மனைவி சம்பூர்ணத்திடம் வாயே திறக்கவில்லை. ஐந்து மாதம் மூடி மறைத்து, உடம்பு பாதியான பிறகுதான் சென்னைப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கினான். ஒரு வேளைகூட விடக் கூடாது, ஆனால் உடம்பில் தடிப்பு வந்தால் அன்றைக்கே ஓடி வரவேண்டும் என்று மாத்திரை கொடுத்த அம்மாள் பொறுமையாகத்தான் சொன்னார். இவன் கண்ணெல்லாம் வாசலில், ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. முதல் பாதிதான் காதில் ஏறியது.

பத்தாம் நாள் காய்ச்சல். மறுநாள் மார்பும் முதுகும் சிவப்பாகத் தடித்தன. பங்குனி வெயில் வேறு. சம்பூர்ணம் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். வீட்டுக்கு ஆத்தா வந்துவிட்டாள். நிலையில் வேப்பிலை ஏறியது, அடுப்பில் தாளிப்பு நின்றது, டாக்டர் என்ற பேச்சே கூடாது என்றாயிற்று. மாத்திரையாக இருக்குமோ என்று தனசேகரனுக்கு ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அதை அப்படியே அமுக்கினான். அம்மை போட்டவனை யாரும் கேள்வி கேட்க மாட்டார்களே. கக்கூஸுக்குப் போகிற சாக்கில், கொல்லையில் நிறுத்தியிருந்த தன் வண்டியின் டூல் பெட்டியில் ஒளித்து வைத்திருந்த மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினான்.

நாலாம் நாள் வாயெல்லாம் புண். கண் திறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு முனிசாமியின் மனைவி எட்ட நின்று பார்த்துவிட்டு, முத்து ஒன்றுகூட எழும்பவில்லையே, ஆத்தாவுக்கு ஏதோ கோபம் என்று சொல்லிப் போனாள். சம்பூர்ணம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு வந்து அவன் காலடியில் விழுந்தாள்.

"தாயே, அவரு ஒரு தப்பும் பண்ணாதவரு. நான்தான் வெள்ளிக்கெழமன்னு பாக்காம கருவாடு ஆக்கிட்டேன். என்னை இன்னா வேணா பண்ணு, அவர விட்டுடு."

தனசேகரன் இவ்வளவு அவமானப்பட்டது பிறந்ததிலிருந்து இல்லை. காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கும்பிடுவதைத் தாங்க முடியவில்லை. காலை இழுத்துக்கொண்டான்.

"எழுந்திரும்மா. இது ஆத்தா இல்ல. நான் துன்ற மாத்திர பண்ற வேல. எனக்கு எய்ட்ஸ் நோவு இருக்குது."

அவள் அழவில்லை. ஆட்டோ கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரையை உடனே நிறுத்தினார்கள். இன்னும் இரண்டு நாள் விழுங்கியிருந்தால் தோல் உரிந்து உயிர் போயிருக்கும் என்று டாக்டர் கத்தினார். உடம்பு தேறியதும் ஒத்துக்கொள்கிற வேறு மாத்திரை தருவதாகவும், மனைவிக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

சம்பூர்ணம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை நாளாகத் தெரியும் என்று மட்டும் கேட்டாள்.

"ஐப்பசிலேர்ந்து."

அவள் மடியில் கை வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கினாள். ஐப்பசிக்கு அப்புறம் அவன் தன் பாயில் வந்து படுத்த நாட்களைத்தான் எண்ணுகிறாள் என்று தனசேகரனுக்குத் தெரிந்தது. ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனாள். நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டதும் பாதியில் நிறுத்தி, ரத்தம் கொடுக்க எழுந்து போனாள்.