கலியாண வீட்டில் ஒரே பாட்டு

அந்தக் காலத்தில் என் சொத்து ஒரு பெரிய இசைத்தட்டு. குளக்கட்டு வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஊருக்குத் திரும்பியபோது தன் சாமான்களை வேலையாட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். எனக்கு முன்னால் நின்றவனுக்குச் சப்பாத்து. அவனுக்கு முன்னால் நின்றவனுக்கு நுளம்பு வலை. வரிசையின் கடைசியில் நின்ற எனக்குத் தட்டுத்தான் மிஞ்சியது. நுளம்பு கடித்தபோதெல்லாம் அதன் மட்டை உறையால் விசிறிக்கொண்டேன்.

மட்டையில் ஒரு கறுத்த மனிதர், நெற்றி நிறைய வியர்வை, கையில் கிற்றார். கிற்றாரிலிருந்து ஒரு வயர் புறப்பட்டுப் படத்துக்கு வெளியே போனது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பின்பக்கத்து இங்கிலீசை எழுத்துக் கூட்டிக் கூட்டி இவ்வளவு விளங்கிக்கொண்டேன்: அமெரிக்காக்காரர், பருத்திக் காட்டில் கூலி வேலை செய்தவர், பிறகு பட்டணத்துக்குப் போய்ப் பாட்டுக்காரர் ஆனவர். இளவயதில் பாடியதிலிருந்து அண்மையில் பாடியது வரை பன்னிரண்டு பாட்டைப் பொறுக்கி ஒரே தட்டில் அடைத்திருந்தார்கள். முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இடையில் பதினைந்து வருடம். கூலியும் ஊர் மாறுவதும் எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் ஆளைப் பிடித்துப்போனது.

தட்டு இருந்தது, மெஷின் இல்லை. ஒரு வருடம் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு திரிந்தேன். பிறகு கிளிநொச்சியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். முல்லைத்தீவு முஸ்லிம், ஊரோடு சேர்ந்து நானும் அவரை நானா என்றேன். பற்றரி சுமப்பது, குழாயை மரத்தில் ஏறிக் கட்டுவது, பாட்டு முடிய ஊசியைத் தூக்குவது என் வேலை. மூன்று நேரச் சோறும், படுக்கக் கடைக்குப் பின்னால் ஒரு மேசையும் கிடைத்தன. மேசை என் உயரத்துக்குக் கட்டை. முழங்காலை மடித்தால் சரி.

மாரி நெருங்கியது. மழைக்குள் கொண்டாட்டம் குறைவு, இரண்டாவது ஆளுக்குச் சோறு போட நானாவுக்குக் கட்டாது. அடுத்த மாதத்து அம்மன் கோயில் திருவிழா எங்களுக்குக் கிடைத்தால் நான் இருக்கலாம், கிடைக்காவிட்டால் போகவேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நியாயமான பேச்சுத்தான். ஆனால் மாரி மழையில் வீதியில் படுப்பது எப்படி என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். இன்னொரு தரம் படிக்க விருப்பமில்லை.

முரசுமோட்டையில் ஆவணி மாதம் ஒரே முகூர்த்தத்தில் வாய்க்காலின் இரண்டு கரையிலும் கலியாணம். இந்தக் கரைப் பெண் வீட்டார் எங்களை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அந்தக் கரைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒலிபெருக்கிச் செட் வந்திருந்தது. இரண்டு குழாய்கள் ஒன்றையொன்று பார்த்தால் போட்டி தொடங்கிவிடும். சட்டம் எல்லாருக்கும் தெரியும். மாறி மாறிப் போட வேண்டும். ஒரு தரம் போட்ட பாட்டை எந்தக் கரையும் திரும்பப் போடக்கூடாது. போடப் பாட்டுத் தீர்ந்தவன் தன் குழாயைக் காட்டுப் பக்கம் திருப்பிவிட வேண்டும். திருப்பிய குழாயை அதன் பிறகு ஒருவரும் கொண்டாட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள்.

தீர்ப்புச் சொல்ல இரண்டு வீட்டாரும் கோயில் மனேச்சரைப் பிடித்திருந்தார்கள். திருவிழாவுக்கு எந்தச் செட் என்று முடிவு செய்பவரும் அவரே. இரு கரையிலும் ஒவ்வொரு பந்தி சாப்பிட்டுவிட்டு, எங்கள் பந்தலில் சாய்மனைக் கதிரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு அவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் திரும்பியபோது எங்கள் தட்டுப் பெட்டி காலி. அவர்களிடம் இன்னும் ஒரு பெட்டி திறக்காமலே இருந்தது.

"நானா, என்ர தட்டைப் போடட்டோ?"

"உந்த விசிறியையோ?"

"பன்னிரண்டு பாட்டுக் கிடக்கு."

நானா வாய்க்காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "போடு. போறதெண்டாச் சத்தத்தோட போவம்."

பெரிய தட்டுக்கு ஏற்ற மாதிரி மெஷினின் வேகத்தைக் குறைத்து ஊசியை வைத்தேன். கிற்றார் ஒரு கத்துக் கத்தியது. பந்தலில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கிற்றாரின் பின்னால் பாட்டுக்காரரின் குரல் வந்தது. சொல்லொன்றும் விளங்கவில்லை, ஆனால் சோறு பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் அகப்பையோடு நின்றுவிட்டார்கள். அக்கரை ஒரு பாட்டுப் போட்டது. நான் இரண்டாவதைப் போட்டேன். அக்கரை ஒன்று. நான் மூன்றாவது.

அது முடிவதற்குள் யாழ்ப்பாணத்துச் செட்காரன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கியே வந்துவிட்டான்.

"மனேச்சர் ஐயா, கண்ணைத் திறவுங்கோ! இவன் ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போடுறான்!"

மனேச்சர் திறந்தார். "எனக்கும் அப்பிடித்தான் கிடந்தது. ஆனா நான் நித்திரையாக்கும் எண்டு நினைச்சன்."

"இல்லை ஐயா," என்று நான் மட்டையை நீட்டினேன். "இது அவர் இளந்தாரியா இருக்கேக்க பாடினது. போகப் போக வயசு போகுது. கடைசிப் பாட்டைப் போடுறன், கேளுங்கோ."

தட்டைப் புரட்டிக் கடைசிப் பாட்டில் ஊசியை வைத்தேன். குரல் தடித்து, கரகரத்து, சாவகாசமாக வந்தது. ஆனால் மெட்டு, உண்மையைச் சொன்னால், முதலாவதன் கூடப்பிறந்த மெட்டுத்தான்.

"பாத்தீங்களே!" என்றான் செட்காரன். "வயசு போகுமட்டும் உந்த ஒரு பாட்டைத்தான் பாடினவன் எண்டு இவனே சாட்சி சொல்லுறான்."

பந்தல் சிரித்தது. மனேச்சர் குழாயைத் திருப்பச் சொல்லக் கையைத் தூக்கினார். என் மேசையும் சோறும் அந்தக் கையோடு மேலே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது குசினிப் பக்கமிருந்து பெண்ணின் மாமி வந்தா. பெண்ணின் தகப்பனுக்கு மூத்த சகோதரி. அப்பளம் பொரித்த எண்ணெய் கையில் மினுங்கியது. செத்த வீடுகளில் ஒப்பாரி சொல்வதில் புதுக்குடியிருப்பு வரை பெயர் எடுத்தவ.

"ஆர் ஒரே பாட்டெண்டது? காதில என்ன புண்ணாக்கோ? முதலாவதில அவள் விட்டிட்டுப் போனதுக்கு அழுகிறான். ரெண்டாவதில அவளை வைது அழுகிறான். மூண்டாவதில திரும்பி வரச்சொல்லி அழுகிறான். இப்ப போட்டதில அவளை விட்டிட்டான், தன்ர இடுப்பு நோவுக்கு அழுகிறான்."

"அக்காவுக்கு அந்தப் பாஷை விளங்குமோ?" என்று மனேச்சர் கேட்டார்.

"நான் சொல்லுற ஒப்பாரியிலயே அரைவாசி எனக்கு விளங்காது. மெட்டு ஒண்டு ஐயா, சாவுதான் வேற வேற. உங்கட அம்மாவுக்கும் அப்புவுக்கும் நான்தானே அழுதனான்? ஒரே அழுகையெண்டு அண்டைக்குச் சொன்னீங்களோ?"

மனேச்சர் எழுந்து உட்கார்ந்தார். தாய்க்கு அழுததையும் தகப்பனுக்கு அழுததையும் ஒன்றென்று சொல்ல எந்த மகனால் முடியும்? "நாலும் வேற வேற பாட்டு," என்று தீர்ப்பாயிற்று. எங்கள் கரை விசிலடித்தது. நானா என் முதுகில் அடித்த அடியில் இருமல் வந்தது.

ஆனால் பெண்ணின் தகப்பன் மட்டும் விசிலடிக்கவில்லை. சால்வையைத் தோளிலிருந்து மெல்ல எடுத்தார்.

"அக்கா. அப்ப இது ஒப்பாரியோ?"

மாமி எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தா.

"என்ர பிள்ளைக்குத் தாலி ஏறி மூண்டு மணித்தியாலம் ஆகேல்ல. நாலு ஊருக்குக் கேக்க என்ர வீட்டில ஒப்பாரி!"

குழாயைத் திருப்ப என்னை அவர் விடவில்லை. வேட்டியோடு தாமே மரத்தில் ஏறித் திருப்பினார். வென்ற செட்டின் குழாய் காட்டைப் பார்த்தது அந்தப் பிரதேசத்தில் அதுதான் முதல் தரமாக இருக்க வேண்டும். மனேச்சர், திருவிழாவுக்கு அமங்கலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்கரைக்குப் போனார். அங்கே பாயசம் இருந்தது.

உழவு மெஷின் இழுத்த பெட்டியில் திரும்பி வரும்போது நானா, "வெள்ளிக்கிழமை மட்டும் நில், பிறகு போ," என்றார். சரி என்றேன்.

வியாழக்கிழமை காலை ஒரு மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். முரசுமோட்டைக்காரர்.

"கலியாண வீட்டில அழுத தட்டு உங்கடையோ? எங்கட வீட்டுக்கு வருமோ?"

நானா தொப்பியைச் சரிசெய்தார். "ஆருக்கு?"

"என்ர ஐயாவுக்கு. இன்னும் போகேல்ல. கிடையாக் கிடக்கிறார். அண்டைக்கு வயலுக்கு மேலால சத்தம் வரக் கேட்டவராம். தன்ர செத்த வீட்டில அதுதான் போடவேணுமெண்டு ஒரே பிடி. அந்த இடுப்பு நோவுப் பாட்டு."

"அது எந்தப் பாட்டெண்டு எனக்குத் தெரியாது. இவனுக்குத்தான் தெரியும்," என்றார் நானா. சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று யோசித்தார்.

"அப்ப இவரை எங்கயும் விட்டிடாதேங்கோ. ஐயா எந்த நேரமும் போவார்."

அப்படித்தான் நான் மாரிக்கும் நின்றேன். கிழமைக்கு ஒரு தரம் நானா என்னைச் சைக்கிளில் அனுப்பி நிலைமை பார்த்துவரச் சொல்வார். கிழவர் பாயில் கிடந்தபடி என்னை விசாரிப்பார்.

"ஊசி புதிசோ?"

"புதிசு ஐயா."

"பற்றரி?"

"சார்ச் ஏத்திக் கிடக்கு."

"அப்ப நல்லது. கிடக்கட்டும், அவசரமில்லை."

கார்த்திகை மழையில் கஞ்சி குடித்தார். மார்கழியில் திண்ணென்று சோறு கேட்டார். தை பிறந்து நான் போனபோது பாய் சுருட்டிக் கிடந்தது. கிழவர் போய்விட்டார் என்று வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். பார்த்தால் மனிதர் வயல் வரம்பில் நின்று தகரத்தில் தட்டிக் கிளி கலைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தகரத்தை உயர்த்திக் காட்டினார்.

கடைக்குத் திரும்பினேன். நானா வாசலிலேயே நின்றார்.

"என்ன மாதிரி?"

"இழுத்துக்கொண்டுதான் கிடக்கிறார், நானா," என்றேன். அறுவடை முடிந்து கொண்டாட்டங்கள் தொடங்கும் வரை அவரை அப்படியே இழுக்க வைத்தேன்.