பாறைக்குப் பின்னால் கிடந்த மூட்டை

சருகு போட்டு மூடியிருந்த அந்த ஓக் கொட்டை மூட்டையை யாரோ வேண்டுமென்றேதான் பாறைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள் என்று பில்சுனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தும் தூக்கிக்கொண்டாள். அந்தக் கொரிய கிராமத்து மலையில் அந்த வருஷம் ஓக் கொட்டை அதிகம் விழவில்லை. குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட மகனும் மருமகளும் வரப்போகிறார்கள். வந்ததும் மகன் முதலில் கேட்பது ஓக் கொட்டை மாவைக் கிண்டி இறுகவைக்கும் முக்தான்.

கொட்டைகளைக் காயவைத்து, தோலை உடைத்து, பருப்பை ஊறப்போட்டாள். தண்ணீர் தேயிலைச் சாயம்போலக் கறுத்தது. துவர்ப்பு போகும்வரை மாற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு அரைத்துத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு தோக்சிம் முழங்காலைப் பிடித்தபடி வந்தாள்.

"என் மூட்டையை அடிச்சுட்டாங்கடி! கால் வலியில தூக்க முடியாம பாறைக்குப் பின்னாடி வெச்சுட்டு வந்தேன். ஒரு வாரம் கழிச்சுப் போனா காணோம்."

பில்சுன் துணியை இன்னும் இறுக்கிப் பிழிந்தாள். "வெளியூர்க்காரங்க யாராவது எடுத்திருப்பாங்கக்கா."

"வெளியூர்க்காரனுக்கு அந்த இடம் எப்படித் தெரியும்? மில்காரன் வீட்டு வியட்நாம் மருமக நுங் இருக்காளே, அவதான். கூடையோட மலையிலேர்ந்து இறங்கினா. ஊர் மன்றத்துல எல்லார் முன்னாடியும் திருடின்னு சொல்லிக் கேட்டுட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"கூடையைக் கவுத்துக் காட்டினா. வெறும் காளானாம்! அழுதுகிட்டே போயிட்டா, நடிப்புக்காரி." தோக்சிமின் பார்வை பாத்திரத்துக்குப் போனது. "உனக்கு மட்டும் எங்கேடி கெடைச்சுது இவ்வளவு?"

"ஓடையோரமா."

"மச்சக்காரிடி நீ."

படிந்த மாவை மறுநாள் அடுப்பில் ஏற்றிக் கிண்டினாள். கை நின்றால் அடிபிடிக்கும். நினைப்பெல்லாம் அந்தப் பெண்மேலேயே இருந்தது. தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் சுரணை வந்தது. மேலாக வழித்துத் தட்டில் ஊற்றி ஆறவிட்டாள். இறுகியதும் எடுத்துக்கொண்டு நேரே தோக்சிம் வீட்டுக்குப் போனாள்.

"மூட்டையை எடுத்தது நான்தான்க்கா."

தோக்சிம் தட்டைக் கையில் வாங்கவில்லை. "கொட்டை போனாப் போகுதுடி. அந்தப் பொண்ணைத் திருடின்னேனே. நேத்து உன் முன்னாடி உக்காந்து சொன்னேனே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா?"

"உன் மூஞ்சிக்குப் பயந்துட்டேன்."

"எல்லார் முன்னாடியும்தான் அவளைக் கேட்டேன். எல்லார் முன்னாடியும் நீ சொல்லு. நட."

ஊர் மன்றத்தில் பெண்கள் மதியச் சாப்பாட்டில் இருந்தார்கள். நுங்கையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். பில்சுன் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். தோக்சிமும் மன்னிப்புக் கேட்டாள்.

"காளான்தான்னு நான் அன்னிக்கே சொன்னேன். என் மாமியார்கூட நம்பல," என்றாள் நுங். வேறெதுவும் சொல்லாமல் திரும்பிப் போனாள்.

தட்டில் கொண்டுவந்த முக்கை யாரும் தொடவில்லை. தட்டோடு வீடு திரும்பிய பில்சுன் அதைக் கோழிகளுக்குப் போட்டாள். மகன் வந்து கேட்டபோது, "இந்த வருஷம் இல்லப்பா," என்றாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் தோக்சிமின் மூட்டையைப் பில்சுன்தான் மலையிலிருந்து சுமந்து இறக்கினாள். வழியில் பார்த்தால் நுங் குனிந்து வணக்கம் சொல்வாள். நின்று பேசுவதில்லை.