மஞ்சளாகிப் போன நீல மீன்

பழவங்காடியில் ஒரு அலங்கார மீன் கடையில், ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்குஞ்சுகள் இரண்டு வாங்கினேன். இரண்டும் நீலம், ஒரே இனம் என்றார் கடைக்காரர். ஆறே மாதத்தில் ஒன்று மஞ்சளாகிவிட்டது. சாயம் போட்ட மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போட்டோவோடு போய்ச் சண்டை பிடித்தேன்.

அவர் சிரித்தார். "சாயம் ஒண்ணும் இல்ல சாரே. இது ஆணாக்கும். வளந்தா ஆண் மஞ்சளாவும், பொண்ணு நீலமாவே இருக்கும், கேட்டோ."

நான் நம்பவில்லை. அடுத்த மாதம் நீல மீன் தீனியைத் தொடுவதை நிறுத்தியது. மூன்று வாரம் பட்டினி. தொண்டை வேறு உப்பிக் கிடந்தது. சீக்கு மீனையும் தள்ளிவிட்டிருக்கிறார் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மனைவி கையைப் பிடித்துத் தொட்டியிடம் இழுத்துப் போனாள். "கத்தினது போதும். அது வாயைப் பாருங்க."

மீன் வாயைத் திறந்தது. அரிசிமணி அளவில் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே நீந்தி வந்தன. இத்தனையையும் வாயில் காப்பாற்றத்தான் அவள் சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். குனிந்து பார்த்தேன்.

மஞ்சள் அப்பனுக்குப் பிறந்தும் அத்தனையும் நீலம்.

செருப்பைக் கழற்றி வைத்தேன்.