இடது கால் பெல்ட்

கூரியர் ஆபீசில் பதினெட்டு வருடமாகப் பெட்டி கட்டுகிறவளை எல்லோரும் பார்சலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிய கட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் விடமாட்டாள். "உள்ள என்ன வைரமா இருக்கு?" என்று மேனேஜர் கிண்டலடிப்பார். அடிக்கட்டுமே, அவளுடைய பயம் அவளுக்கு.

பயத்தைக் கற்றுக்கொடுத்ததே தங்கைதான். இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி கிடையாது. ஒருமுறை கட்டில் கம்பியில் குதிகால் உரசிப் புண்ணானது அவளுக்கே தெரியவில்லை. ஆறுவதற்கு நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்படிப்பட்ட மகராசி சும்மா இருந்தாளா? மல்லாந்து படுத்துக் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளில் பந்தயத்துக்குக் கிளம்பிவிட்டாள். முன்சக்கரத்துக்கு இருபுறமும் உள்ள தாங்கிகளில் அவள் கால்களை வைத்துப் பெல்ட் போடுவது அக்காவின் வேலை. வேறு யாரையும் தொடவிடமாட்டாள்.

இன்றைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். நிமிடத்துக்கு ஒருத்தியாகக் கிளம்பிக் கடிகாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடித்தால் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் அணியில் இடம்.

வலது காலைக் கட்டி, மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். இடது காலுக்குக் குனிந்தபோது, "அக்கா, கையுறைய வேன்லயே விட்டுட்டேன்!" என்று தங்கை அலறினாள். கையிலிருந்ததைப் பைக்குள் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்துவந்து மாட்டிவிடுவதற்குள் முறை வந்துவிட்டது. தங்கை பறந்துவிட்டாள்.

கால்மணி நேரம் கழித்து, கைக்குட்டை எடுக்கப் பையில் கைவிட்டாள். கையில் பெல்ட் வந்தது.

இடது காலுக்குப் போட்டிருக்க வேண்டியது. கால் நழுவினால் நேராகச் சக்கரத்துக்குள்தான் போகும். போனாலும் அந்தப் பாவிக்குத் தெரியாது, ஓட்டிக்கொண்டேதான் இருப்பாள்!

நடுவரிடம் ஓடினாள். "சார்... கால் கட்டல... என் தப்பு சார்."

நடுவர் வாக்கிடாக்கியை எடுத்தார். "எட்டாவது கிலோமீட்டர் தாண்டிட்டாங்க. நல்ல டைம். நிறுத்தினா பந்தயம் அவ்ளோதாம்மா. கால் கட்டலன்னு நிச்சயமாத் தெரியுமா?"

இரண்டு வருட உழைப்பு. தங்கை ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டாள். பார்சலக்கா கையிலிருந்த பெல்ட்டை அவர்முன் நீட்டினாள்.

"தெரியும் சார். நிறுத்துங்க."

ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது தங்கை சாலையோரத்தில் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தியவரைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் பாய்ச்சல் இந்தப் பக்கம் திரும்பியது. "இன்னும் மூணே கிலோமீட்டர்! இவ்ளோ வேகமா நான் போனதே இல்லக்கா! நிறுத்தச் சொன்னது நீயா? நீயெல்லாம் ஒரு அக்காவா?"

பார்சலக்கா மண்டியிட்டு இடது ஷூவைக் கழற்றினாள். டயர் பட்ட பக்கம் தேய்ந்து, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை. சாக்ஸும் கிழிந்திருந்தது. சுண்டுவிரலில் கறுப்பாக டயர்க் கோடு. தோல் உரியவில்லை. இன்னும் நூறடி போயிருந்தால் உரிந்திருக்கும்.

தங்கையின் கத்தல் நின்றது. ஷூவை வாங்கி ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஏங்க்கா, இது வலிச்சிருக்குமா?"

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை பார்சலக்காவுக்கு அப்போதுதான் வெடித்தது. தங்கையின் வெறுங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வலிச்சுதுடி."