குர்பான் இறைச்சியைத் திருப்பிக் கொடுத்தேன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் சொந்த உழைப்பில் மூன்று தோணி வாங்கினேன். மெதடிஸ்த கோயிலில் பாட்டு மந்தம் என்று, கல்முனைக்குப் புதிதாக வந்த ஒரு சபையில் சேர்ந்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று என் தொழில் கூட்டாளி காசீம் வழக்கம்போல் குர்பான் இறைச்சி கொண்டுவந்தான். "அது வேறு மார்க்கத்தாரின் பலி, விசுவாசி தொடக்கூடாது" என்று போதகர் சொல்லியிருந்ததால் திருப்பிக் கொடுத்தேன்.

"முப்பது வருசமாத் திண்டியே மச்சான், அப்ப உன்ட வேதம் எங்க கிடந்தது?" என்று கேட்டுவிட்டுப் போனவன், ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

சபையில் எழும்பி, கூட்டாளி அன்பாய்த் தருவதை ஏன் தொடக்கூடாது என்று நியாயம் கேட்டேன்.

"வேதம் படிச்சாத்தான் ஐயா விளங்கும்" என்றார் போதகர்.

"எனக்கு மனிசரை விளங்கும். அது போதும்" என்று வெளியேறி, நேரே காசீமிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது எந்தச் சபைக்காரர் அழைத்தாலும், அயலவரைப் பற்றி என்ன போதிக்கிறீர்கள் என்றே முதலில் கேட்கிறேன். பதில் சரியில்லை என்றால், எவராயிருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுவேன்.